ஹைலக்ஸ் பின் டிஃபரன்ஷியலைப் பிரித்துக் கட்டுவது: ஊளைச் சத்தத்திலிருந்து கடைசி நட்டு வரை

பின் சக்கரங்களுக்கு நடுவிலுள்ள டிஃபரன்ஷியலிலிருந்து, அதாவது எஞ்சின் பலத்தை இரண்டு சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரத் தொகுதியிலிருந்து, "ஊ..." என்று ஒரு சத்தம் எழும். மணிக்கு 60 கிலோமீட்டரில் மெல்லத் தொடங்கும், 80-ஐத் தொட்டால் ரேடியோவையே அமுக்கிவிடும். ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் சுருதி மாறும். எங்கள் ஊரில் இந்தச் சத்தத்தோடு பட்டறைக்கு வருவது பெரும்பாலும் செம்பனைக் குலை ஏற்றும் பழைய டோயோட்டா ஹைலக்ஸ் பிக்கப்தான். மலேசியாவின் சிலாங்கூர் மாநிலத்திலுள்ள இந்த ஊரின் பெயர் 2007-இலிருந்து பெஸ்தாரி ஜெயா. ஆனால் தோட்டத்தில் பிறந்து வளர்ந்த எங்களுக்கு இன்னும் பத்தாங் பெர்ஜுந்தைதான்.

ஏன் இங்கே இந்த நோய் அதிகம்? தோட்டத்துச் செம்மண் பாதையும் தண்ணீரும்தான் காரணம். ஆக்சில் ஹவுசிங்கின் மேலே பிரீதர் என்று ஒரு சின்ன மூச்சுக்குழாய் இருக்கும். அது சேற்றில் அடைபட்டிருக்கும்போது சூடான ஆக்சில் குளிர்ந்த வாய்க்கால் நீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சட்டென்று சுருங்கும். மூச்சுக்குழாய் வழியாகக் காற்று உள்ளே வர வழியில்லாததால், ஆயில் சீல் ஓரமாகத் தண்ணீரை உறிஞ்சும். ஒரு மழைக்காலம் முடிந்து ஆயிலை இறக்கிப் பார்த்தால் தே தாரேக் (பால் தேநீர்) நிறத்தில் வரும். அந்த ஆயிலில் பேரிங் எத்தனை நாள் ஓடும்?

இந்த வழிகாட்டி, முன்பக்கமாகக் கழற்றி எடுக்கும் டோயோட்டா 8 அங்குல டிஃபரன்ஷியலுக்கானது. உள்ளே இரண்டு ஸ்பைடர் பல்சக்கரங்கள் (வளைவில் இரு சக்கரமும் வெவ்வேறு வேகத்தில் சுற்ற விடுபவை) உள்ள வகை. பழைய ஹைலக்ஸ்களில் அடிக்கடி பார்ப்பது இதுதான். நான் தரும் அளவுகள் இந்த வகைக்கானவை. நான்கு ஸ்பைடர் உள்ளதற்கும், புது மாடல்களுக்கும், வேறு கம்பெனி வண்டிகளுக்கும் எண்கள் மாறும். அவரவர் வண்டியின் வொர்க்‌ஷாப் மேனுவலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். முறை ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் என் கதை

நான் தனியாகச் செய்த முதல் டிஃபரன்ஷியல் ஒரு தோட்டக் குத்தகைக்காரரின் வண்டி. புது பேரிங், புது சீல், எல்லாம் சரி. கடைசியில் பினியன் (கிரவுனைச் சுற்ற வைக்கும் சின்னப் பல்சக்கரம்) நட்டை ஏர் கன்னால் அடித்து இறுக்கினேன். ஃபிளாஞ்சை (கியர்பாக்ஸிலிருந்து வரும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற தண்டு மாட்டும் வட்டத் தட்டு) கையால் சுற்றினால் நகரவே இல்லை. சரி, கொஞ்சம் அதிகமாகிவிட்டது என்று நட்டைக் கால் சுற்று தளர்த்தினேன். அப்புறம் வெண்ணெய் மாதிரி சுற்றியது. சந்தோஷமாக வண்டியைக் கொடுத்தனுப்பினேன். ஐந்து வாரத்தில் முன்னைவிடப் பெரிய ஊளையோடு திரும்பி வந்தது. பினியன் பேரிங்கில் ஆட்டம், கிரவுன் என்ற பெரிய வளையப் பல்சக்கரத்தின் பல்லில் தழும்பு. கிரவுனும் பினியனும் என் செலவில் போயின.

எனக்கு வேலை கற்றுக்கொடுத்த பெரியவர், தோட்டத்து லோரிகளைப் பார்த்துக்கொண்ட ஃபோர்மேன், அதைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: "நட்டுக்கு எவ்ளோ டார்க் வெச்சேன்னு கேக்கல தம்பி. சுத்தறதுக்கு எவ்ளோ டார்க் ஆவுதுன்னு பாத்தியா?"

இந்த வேலையின் குழப்பமெல்லாம் அந்த ஒரு கேள்வியில் இருக்கிறது. டார்க் என்று இரண்டு விஷயங்களைச் சொல்கிறோம். ஒன்று, போல்ட்டை எவ்வளவு பலமாக இறுக்குகிறோம் என்பது. மற்றொன்று, கட்டி முடித்த பேரிங்கைச் சுழற்ற எவ்வளவு பலம் தேவைப்படுகிறது என்பது. இந்த இரண்டாவதைத்தான் பிரீலோட் என்கிறோம். கிரவுன் போல்ட்டுக்கும் பேரிங் கேப்புக்கும் (சைடு பேரிங்கைப் பிடித்து வைக்கும் மூடி) முதல் வகை எண் போதும். பினியன் நட்டுக்கு இரண்டாவது எண்ணே முடிவு சொல்லும். ரெஞ்ச் காட்டும் எண் அங்கே வெறும் எல்லைக்கோடு.

பிரிக்கும் முன் சத்தத்தைப் படிப்பது

டயர் சத்தத்தை டிஃபரன்ஷியல் என்று நினைத்துப் பிரித்தவர்கள் உண்டு. புது தார் ரோட்டிலும் பழைய ரோட்டிலும் ஓட்டிப் பாருங்கள். ரோடு மாறும்போது சத்தமும் மாறினால் டயர். வளைவில் ஒரு பக்கம் சாயும்போது மட்டும் கூடினால் சக்கர பேரிங்கைப் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது ஊளை, விட்டால் அமைதி என்றால் கிரவுன்-பினியன் பல் பொருத்தத்தில் சந்தேகம். காலை எடுத்து வண்டி தானாக ஓடும்போதுதான் ஊளை என்றால் பினியன் பேரிங் தளர்ந்திருக்கலாம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே மாதிரி உறுமினால் பேரிங் தேய்ந்திருக்கும். கியர் போட்டதும் "டொக்" என்று ஒரு தட்டு கேட்டால் உடனே டிஃபரன்ஷியலைக் குறை சொல்லாதீர்கள். முதலில் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் யூ-ஜாயின்ட்டை (மடங்கும் இணைப்பு) ஆட்டிப் பாருங்கள்.

என்னென்ன வேண்டும்

டார்க் ரெஞ்ச் இரண்டு: 20 முதல் 200 நியூட்டன் மீட்டர் வரை காட்டும் ஒன்று, 250-க்கு மேல் போகும் பெரியது ஒன்று. காந்த அடியுள்ள டயல் கேஜ், மைக்ரோமீட்டர், பேரிங் புல்லர், ஹைட்ராலிக் பிரஸ், ஃபிளாஞ்சைப் பிடிக்க ஒரு பட்டை. இந்தப் பட்டையைக் கடையில் தேட வேண்டாம். ஒரு மீட்டர் நீள இரும்புப் பட்டையில் ஃபிளாஞ்ச் போல்ட்டுகளுக்கு ஏற்ப இரண்டு துளை போட்டுத் தரச் சொன்னால் எந்த வெல்டிங் கடையிலும் செய்து தருவார்கள்.

பிரீலோட் அளக்க, சின்ன அளவு காட்டும் முள் வகை டார்க் ரெஞ்ச் சிறந்தது. அது இல்லாதவர்களுக்கு ஒரு வழி இருக்கிறது, பின்னால் சொல்கிறேன். அதற்குத் தேவை மீன் நிறுக்கும் கொக்கித் தராசும் இரண்டு முழம் கயிறும்.

உதிரிப் பாகங்களில் இரண்டு பினியன் பேரிங், இரண்டு சைடு பேரிங், பினியன் சீல், ஆக்சில் சீல்கள், கிரஷ் ஸ்லீவ் (பினியன் பேரிங்குகளுக்கு நடுவில் நசுங்கும் குழாய்), பினியன் நட்டு, ஹவுசிங் கேஸ்கெட் எல்லாம் புதிதாக வேண்டும். கிரஷ் ஸ்லீவ் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஏன் என்பது அந்தக் கட்டம் வரும்போது புரியும். கிரவுனும் பினியனும் தேவைப்பட்டால் ஜோடியாகத்தான் வாங்க வேண்டும். தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று தேய்த்துப் பொருத்திய ஜோடி அது. ஹாஃப்-கட் கடையில் (பழைய வண்டிகளை வெட்டிப் பாகம் விற்கும் கடை) ஒரு பினியன், வேறொரு கடையில் ஒரு கிரவுன் என்று சேர்த்தால் பல் எண்ணிக்கை ஒத்துப்போகும், சத்தம் ஒத்துப்போகாது. அதைவிட ஹாஃப்-கட் கடையில் ஹவுசிங்கோடு முழு டிஃபரன்ஷியலாக வாங்குவது நல்லது. ஆனால் பல் விகிதத்தை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். கிரவுனில் 41, பினியனில் 10 என்றால் 4.1. 43-க்கு 10 என்றால் 4.3. நான்கு சக்கர டிரைவ் வண்டியில் முன்னும் பின்னும் ஒரே விகிதம் இல்லாவிட்டால் டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன் சக்கரங்களுக்கும் பலத்தைப் பிரிக்கும் பெட்டி) தாங்காது.

கழற்றுதல்

பட்டறைத் தரை சிமெண்ட் இல்லாமல் மண்ணாக இருந்தால், ஆக்சில் ஸ்டாண்டுக்கு அடியில் தடிமனான பலகை போடுங்கள். மழை பெய்த மண்ணில் ஸ்டாண்டின் கால் மெல்ல இறங்கும். வண்டிக்கு அடியில் படுத்திருப்பவருக்கு அது தெரியாது.

முதலில் நிரப்பும் பிளக்கைத் தளர்த்துங்கள். அது வராவிட்டால் ஆயிலை இறக்கிவிட்டு மாட்டிக்கொள்வீர்கள். அது வந்த பிறகே கீழ் பிளக்கைத் திறங்கள். ஆயிலை வெறும் விரலால் தொட்டு வெயிலில் பாருங்கள். வெள்ளி மினுமினுப்பு கொஞ்சம் இருந்தால் தேய்மானம். நகத்தில் நெருடும் துண்டுகள் என்றால் பல்லோ பேரிங்கோ உடைந்திருக்கிறது. பழைய ஆயிலை வாய்க்காலில் ஊற்றாதீர்கள். மலேசியச் சட்டத்தில் அது எஸ்.டபிள்யூ. 305 என்ற குறியீடுள்ள அட்டவணைக் கழிவு. டிரம்மில் சேர்த்து உரிமம் உள்ளவர்களிடம் கொடுங்கள்.

புரொப்பல்லர் ஷாஃப்ட்டையும் ஃபிளாஞ்சையும் சேர்த்து பெயின்ட் குறி வைத்துவிட்டுக் கழற்றுங்கள். பிரேக் டிரம், பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிள் மூன்றையும் விடுவித்து, பின் தட்டிலுள்ள நான்கு நட்டுகளை எடுத்தால் ஆக்சில் ஷாஃப்ட் பேரிங்கோடும் பின் தட்டோடும் சேர்ந்து வெளியே வரும். இரண்டு பக்கமும் இழுத்த பிறகு ஹவுசிங்கைச் சுற்றியுள்ள நட்டுகள். டிஃபரன்ஷியல் 30 கிலோவுக்குக் கிட்ட இருக்கும். டிராலி ஜாக் இல்லாமல் நெஞ்சில் தாங்கி இறக்கும் வீரம் வேண்டாம்.

மேசையில் வைத்ததும் உடனே பிரிக்காதீர்கள். இருக்கும் நிலையை அளந்து எழுதுங்கள்: பேக்லாஷ் (இரு பல்சக்கரங்களின் பற்களுக்கு நடுவிலுள்ள இடைவெளி) எவ்வளவு, கிரவுனின் பின்முகம் எவ்வளவு ஆடுகிறது, பினியன் பிரீலோட் எவ்வளவு. கிரவுன் ஆட்டம் 0.07 மி.மீ.-க்கு மேல் இருந்தால், கேஸ் (கிரவுன் மாட்டியிருக்கும் கூடு) வளைந்திருக்கிறதா அல்லது கிரவுனுக்கும் கேஸுக்கும் நடுவில் அழுக்கு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பேரிங் கேப் இரண்டும் அதே இடத்தில் வைத்துக் கடையப்பட்டவை. இடமும் வலமும் மாறக் கூடாது. சென்டர் பஞ்ச்சால் ஒன்றுக்கு ஒரு புள்ளி, மற்றதற்கு இரண்டு புள்ளி அடித்துக்கொள்ளுங்கள். மார்க்கர் குறி டீசலில் கழுவும்போது போய்விடும்.

பினியனை வெளியே எடுத்து, அதன் தலைக்கும் பின் பேரிங்குக்கும் நடுவிலிருக்கும் வாஷரின் தடிமனை மைக்ரோமீட்டரில் அளந்து எழுதுங்கள். இந்த ஒரு வாஷர்தான் பினியன் எவ்வளவு ஆழமாக நிற்கிறது என்பதை முடிவு செய்கிறது. 0.03 மி.மீ. படிகளில் பல தடிமன்களில் கிடைக்கும்.

கிரவுனைக் கேஸில் ஏற்றுதல்

எனக்கு மிகவும் பிடித்த கட்டம் இது. ஒரு பெரிய பானையில் தண்ணீர் கொதிக்க வைத்து, கிரவுனைக் கம்பியில் கட்டி உள்ளே விடுங்கள். 100 டிகிரிக்கு மேல் போகாது என்பதால் பல்லின் கடினம் கெடாது. எரிவாயு டார்ச் வைத்தால் கெட்டுவிடும். பத்து நிமிடம் கழித்துக் கையுறையோடு எடுத்தால் ஈரம் தானாகக் காய்ந்துவிடும். உடனே கேஸின் மீது வையுங்கள். துளைகள் நேராக இருந்தால் "தப்" என்று உட்காரும். சுத்தியல் தேவையே இல்லை. குளிர்ந்த கிரவுனை போல்ட்டால் இழுத்து உட்கார வைக்கிறவர்கள், ஒரு பக்கம் மயிரிழை தூக்கியிருப்பதைக் கவனிப்பதில்லை. அதுதான் பின்னால் டயல் கேஜில் ஆட்டமாகத் தெரியும்.

ஆறிய பிறகு போல்ட்டுகளைப் போடுங்கள். புது லாக் பிளேட், போல்ட்டில் துளி கியர் ஆயில். எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக: முதல் சுற்று 40, அடுத்தது 70, கடைசியில் 97 நியூட்டன் மீட்டர். பழைய அடி-பவுண்ட் ரெஞ்ச் வைத்திருப்பவர்களுக்கு 72. கிளிக் கேட்டதும் நிறுத்துங்கள். இன்னொரு தடவை கிளிக் செய்து "உறுதி" பார்க்கும் பழக்கம் ஒவ்வொரு முறையும் போல்ட்டை அதிகமாக இழுக்கிறது. லாக் பிளேட்டின் காதுகளை மடக்கியதும் இந்த வேலை முடிந்தது. சைடு பேரிங்கை பிரஸ்ஸில் ஏற்றும்போது உள்வளையத்தை மட்டும் அழுத்துங்கள்.

ஒத்திகைக் கட்டு

கிரஷ் ஸ்லீவும் சீலும் போடாமல் முதலில் ஒரு ஒத்திகை. பினியன், வாஷர், பேரிங்குகள், ஃபிளாஞ்ச், நட்டு மட்டும். வாஷரை மாற்ற வேண்டி வந்தால் பின் பேரிங்கைத் திரும்பத் திரும்ப பிரஸ்ஸிலிருந்து இழுக்க வேண்டியிருக்கும். அதில் புது பேரிங் கெட்டுவிடும். அதனால் பழைய பேரிங்கின் உள்வளையத்தைக் கிரைண்டரில் கொஞ்சம் அகலப்படுத்தி, கையால் வழுக்கி ஏறும்படி ஒரு "ஒத்திகை பேரிங்" செய்து வைத்திருக்கிறேன். பெரியவரிடம் கற்றது. ஆனால் அதே பிராண்ட், அதே எண் பேரிங்காக இருக்க வேண்டும்.

ஸ்லீவ் இல்லாததால் நட்டு சீக்கிரம் இறுகிவிடும். துளித் துளியாகத் திருப்பி, ஃபிளாஞ்சைச் சுற்றிச் சுற்றிப் பார்த்து, பிரீலோட் அளவு வரும்போது நிறுத்துங்கள். புது பேரிங்குக்கு ஏறக்குறைய 1.2 முதல் 1.9 நியூட்டன் மீட்டர், அதாவது 12 முதல் 19 கிலோ-சென்டிமீட்டர். ஓடிப் பழகிய பேரிங்கையே மீண்டும் போட்டால் அதில் பாதி.

இப்போது தராசு. ஃபிளாஞ்சின் வட்ட ஓரத்தில் கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, முனையை மீன் தராசுக் கொக்கியில் மாட்டி நேராக இழுங்கள். ஃபிளாஞ்ச் நகரத் தொடங்கும் கணத்தில் முள் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஃபிளாஞ்சின் விட்டம் 10 சென்டிமீட்டர் என்றால் மையத்திலிருந்து ஓரம் 5 சென்டிமீட்டர். முள் 3 கிலோ காட்டினால் 3 பெருக்கல் 5, அதாவது 15 கிலோ-சென்டிமீட்டர். சரியான இடம். முள் 5 கிலோ காட்டினால் 25, மிக இறுக்கம். அளக்கும் முன் பத்து சுற்றாவது சுற்றி உருளைகளைப் படியவிடுங்கள், இல்லாவிட்டால் பொய் எண் வரும். சந்தையில் வாங்கிய தராசு சரியா என்று ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தைத் தொங்கவிட்டு ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

பேக்லாஷும் சைடு பேரிங்கும்

கேஸை இறக்கி, கேப்புகளையும், சைடு பேரிங்குகளை இரு பக்கமும் தள்ளும் மரை போட்ட சரிசெய்யும் வளையங்களையும் மாட்டுங்கள். வளையத்தின் மரை கையால் சுற்றும்போதே வழுக்கிப் போக வேண்டும். முரண்டு பிடித்தால் கேப்பை எடுத்துவிட்டு மறுபடி வையுங்கள். ரெஞ்ச் போட்டு இழுத்தால் மரை போய்விடும்; அப்புறம் இவற்றையெல்லாம் தாங்கும் கேரியரையே தூக்கிப் போட வேண்டியதுதான்.

கேப் போல்ட்டுகளை ஒரு தடவை முழுதாக இறுக்கிவிட்டு, வளையம் சுற்றும் அளவுக்குத் தளர்த்துங்கள். கிரவுன் பக்க வளையத்தைத் திருப்பி, பேக்லாஷ் சுமார் 0.2 மி.மீ. இருக்கும்படி கொண்டு வாருங்கள். அப்புறம் கிரவுனைச் சுற்றிக்கொண்டே மறுபக்க வளையத்தை நன்றாக இறுக்குங்கள், பேரிங்குகள் உட்காரட்டும். பிறகு அந்த இறுக்கத்தை எடுத்துவிட்டு, கிரவுன் பக்கக் கேப்பின் மேல் டயல் கேஜை வைத்து, மறுபக்க வளையத்தை மீண்டும் மெல்லத் திருப்புங்கள். முள் அசையத் தொடங்கும் இடம்தான் பூஜ்ய பிரீலோட். அங்கிருந்து வளையத்தின் பல் கணக்கில் ஒன்று முதல் ஒன்றரைப் பல் இறுக்கினால் சைடு பேரிங் பிரீலோட் வந்துவிடும்.

இனி டயல் கேஜ் முனையைக் கிரவுன் பல்லின் வெளி ஓரத்தில், பல்லுக்குச் செங்குத்தாக வையுங்கள். பினியனை அசையாமல் பிடித்து, கிரவுனை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். 0.13 முதல் 0.18 மி.மீ. வர வேண்டும். ஓர் இடத்தில் மட்டும் பார்த்துத் திருப்தி அடையாமல் நான்கு இடத்தில் அளந்து பாருங்கள். மாற்ற வேண்டுமானால் ஒரு வளையத்தை ஒரு பல் தளர்த்தி, மற்றதை அதே ஒரு பல் இறுக்குங்கள். இரண்டும் சமமாக நகர்ந்தால் கிரவுன் இடம் மாறும், பிரீலோட் மாறாது. கேப் போல்ட் 78 நியூட்டன் மீட்டர். இறுக்கிய பிறகு பேக்லாஷை மறுபடி அளக்க மறக்காதீர்கள், பல நேரம் மயிரளவு மாறியிருக்கும்.

அப்புறம் மொத்தப் பிரீலோட். பினியன் தனியாக இருந்தபோது வந்த எண்ணைவிட 0.4 முதல் 0.6 நியூட்டன் மீட்டர் கூடியிருக்க வேண்டும். கூடவே இல்லை என்றால் சைடு பேரிங் தளர்ச்சி.

பல் பேசுவதைப் பார்த்தல்

மூன்று நான்கு பற்களில் மெல்லிய பூச்சு தடவுங்கள். கியர் மார்க்கிங் பேஸ்ட் கிடைக்காவிட்டால் புத்தகக் கடையில் விற்கும் மஞ்சள் ஆயில் பெயின்ட் டியூப் போதும். கிரவுனுக்கு ஒரு மரக்கட்டையால் கொஞ்சம் தடை கொடுத்துக்கொண்டே, பினியனை இரண்டு திசையிலும் சுற்றுங்கள். பினியன் தொட்ட இடத்தில் பூச்சு விலகி உலோகம் தெரியும்.

அந்தத் தடம் பல்லின் நடுவில், உயரத்திலும் நடுவில், முட்டை வடிவமாக இருந்தால் பிழைத்தீர்கள். தடம் பல் நுனிக்கோ வெளி ஓரத்துக்கோ போயிருந்தால் பினியன் கிரவுனிலிருந்து தள்ளி நிற்கிறது. தடிமனான வாஷர் போட்டு நெருக்குங்கள். பல் அடிக்கோ உள் ஓரத்துக்கோ இறங்கியிருந்தால் பினியன் மிகவும் நெருங்கிவிட்டது, மெல்லிய வாஷர். வாஷர் மாறினால் பேக்லாஷும் மாறும், மறுபடி அளக்க வேண்டும். இங்கேதான் பொறுமை போகும். எனக்கு ஒரே வேலையில் ஐந்து தடவை கழற்றி மாட்டிய நாள் உண்டு. ஒரு வாஷர் படி 0.03 மி.மீ.தான், ஆனால் தடம் கண்ணுக்குத் தெரியும்படி நகரும்.

ஓடிய பழைய கிரவுனை அதே ஜோடியாக மீண்டும் போட்டால், புதுப் பல் போல் அழகான முட்டை வராது. ஏற்கெனவே தேய்ந்த தடத்தோடு ஒத்துப்போனால் விட்டுவிடுங்கள். அதை "சரி" செய்யப் போனால் புதிதாக ஊளை பிறக்கும்.

கிரஷ் ஸ்லீவ்: திரும்ப வழியில்லாத இடம்

தடம் சரியானதும் ஒத்திகை பேரிங்கை எடுத்துவிட்டு, புது பின் பேரிங்கைச் சரியான வாஷரோடு பிரஸ்ஸில் ஏற்றுங்கள். அடுத்து புது ஸ்லீவ், முன் பேரிங், ஆயில் ஸ்லிங்கர் (ஆயிலைச் சிதறடிக்கும் தட்டு), உதட்டில் கிரீஸ் தடவிய சீல், ஃபிளாஞ்ச், புது நட்டு.

ஸ்லீவ் என்பது நடுவில் வயிறு புடைத்த ஒரு மெல்லிய இரும்புக் குழாய். நட்டை இறுக்கும்போது இரண்டு பேரிங்குகளுக்கும் நடுவில் நசுங்கும். நசுங்கத் தொடங்கப் பெரும் பலம் கேட்கும். தொடங்கிய பிறகு சட்டென்று இணங்கிவிடும். ஏர் கன் அடித்த ஒரு நொடியில் என் முதல் வண்டியில் நடந்தது இதுதான்.

பட்டையால் ஃபிளாஞ்சைப் பிடித்து, முதலில் 108 நியூட்டன் மீட்டர். சுற்றிப் பாருங்கள், தராசால் அளங்கள். முன்னும் பின்னும் ஆட்டினால் ஆட்டம் இருக்கும். அப்புறம் 13 நியூட்டன் மீட்டர் கூட்டி, சுற்றி, அளந்து, மறுபடி 13. ஆட்டம் மறைந்து பிரீலோட் எழத் தொடங்கிய பிறகு நட்டை மயிரளவாகத் திருப்புங்கள். தராசு முள் 2 கிலோவில் இருக்கும்போது அடுத்த திருப்பு 4-க்குக் கொண்டு போய்விடும். அந்தக் கட்டத்தில் எங்கள் பட்டறையில் பேச்சு நின்றுவிடும், ரேடியோவைக்கூட யாராவது அணைத்துவிடுவார்கள்.

பிரீலோட் வருவதற்கு முன்பே நட்டு 235 நியூட்டன் மீட்டரைத் தாண்டினால் நிறுத்தி, ஸ்லீவை மாற்றுங்கள். பிரீலோட் அளவைத் தாண்டிப் போய்விட்டாலும் அதே கதி: நட்டைத் தளர்த்தாதீர்கள். நசுங்கிய ஸ்லீவ் திரும்ப நிமிராது. நட்டைத் தளர்த்தினால் பேரிங்குகளுக்கு நடுவில் பிடிமானமே இல்லாமல் போகும். கையில் சுற்றினால் வெண்ணெய் மாதிரிதான் இருக்கும், சாலையில் ஐந்து வாரம். இரண்டாவது ஸ்லீவை வாங்கச் சொன்னது இதற்காகத்தான். சீலும் அந்தக் கழற்றலில் கிழியலாம், அதையும் ஒன்று கூடுதலாக வைத்துக்கொண்டால் ஞாயிற்றுக்கிழமை கடை தேடி அலைய வேண்டாம்.

அளவு வந்ததும் கேஸை மீண்டும் ஏற்றி, பேக்லாஷ், மொத்தப் பிரீலோட், தடம் மூன்றையும் கடைசியாக ஒருமுறை பாருங்கள். பிறகு நட்டின் கழுத்தைப் பினியன் பள்ளத்துக்குள் தட்டி மடக்குங்கள். வளையங்களின் பூட்டுத் தகட்டுக்கு 13 நியூட்டன் மீட்டர் போதும், சின்ன போல்ட் அது.

வண்டியில் ஏற்றுதல்

ஹவுசிங்கின் உள்ளே துணியை விட்டுத் துடைத்தால் எவ்வளவு கறுப்புச் சகதி வருகிறது என்று பாருங்கள். இதைச் செய்யாமல் புது பேரிங்கை ஏற்றினால் பாதி வேலை வீண். புது கேஸ்கெட், சுற்று நட்டுகள் எதிரெதிராக. புரொப்பல்லர் ஷாஃப்ட் போல்ட் 74 நியூட்டன் மீட்டர், பெயின்ட் குறிகள் ஒன்றையொன்று பார்க்கும்படி. பிரேக் பைப்பைத் திறந்ததால் காற்று எடுக்க வேண்டும். அதைச் சொல்லத் தேவையில்லை என்றுதான் நினைக்கிறேன், ஆனால் மறந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஆயில் ஜி.எல்.-5 தரத்தில் எஸ்.ஏ.இ. 90. கிரவுன்-பினியனின் ஹைப்பாய்ட் வகைப் பற்கள் உருள்வதோடு ஒன்றின் மேல் ஒன்று வழுக்கவும் செய்வதால் எஞ்சின் ஆயில் அங்கே நிற்காது. இரண்டு லிட்டருக்கு மேல் கொஞ்சம் பிடிக்கும். நிரப்பும் துளையின் கீழ் விளிம்பைத் தொடும் அளவுதான் கணக்கு. பிளக் இரண்டும் 49 நியூட்டன் மீட்டர்.

பிரீதரைக் கழற்றி ஊதிப் பாருங்கள். தோட்டத்துக்குள் ஓடும் வண்டி என்றால் அதன் இடத்தில் ஒரு நிப்பிளை வைத்து, ரப்பர் குழாயைச் சேசிஸ் மேல்வரை கொண்டு போய்க் கட்டிவிடுங்கள். குழாயின் விலையைச் சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் இந்த முழு வேலையும் வந்ததே அந்தக் குழாய் இல்லாததால்தான்.

முதல் ஓட்டம்

குலை ஏற்றாமல், சாதாரண வேகத்தில் பக்கத்து ஊரான ஈஜோக் வரை போய்த் திரும்புங்கள். இறங்கி, பினியன் மூக்கின் மேல் கையை வையுங்கள். சூடு இருக்கும், கையை வைத்திருக்கவே முடியாத அளவு என்றால் பிரீலோட் அதிகம். முழுதாக ஆறவிட்டு மறுபடி ஓட்டுங்கள். புது கிரவுன்-பினியன் போட்டிருந்தால் முதல் 800 கிலோமீட்டருக்குப் பாரம் வேண்டாம். குத்தகைக்காரர்களிடம் இதைச் சொன்னால் "அண்ணே, குலை அழுகிடும்" என்பார்கள். அழுகட்டும் என்று சொல்ல முடியாது, அதனால் "அரை பாரம், மெதுவா" என்பதோடு நான் நிறுத்திக்கொள்கிறேன்.

800 ஆனதும் ஆயிலை மாற்றுங்கள். சாம்பல் நிறக் குழம்பு வந்தால் பற்கள் ஒன்றையொன்று பழகிய தூள், கவலையில்லை. புது ஆயில் ஊற்றி பிளக்கை இறுக்கியதும், பெயின்ட் மார்க்கரால் ஹவுசிங்கின் மேல் தேதி, வாஷர் தடிமன், பேக்லாஷ், பிரீலோட் நான்கையும் எழுதிவிடுவேன். அடுத்து இதைத் திறக்கப்போகும் ஃபோர்மேன் நானாக இல்லாமலும் இருக்கலாம்.